ஊதக் கூடாத கொம்பு

எங்கள் வோரெல் கிராமத்தில் ஒரு மனிதன் தன் மனைவியிடம் கடன், காதல், வயிற்றுக்கோளாறு எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். காட்டில் செப் என்னும் காளான் எடுக்கும் இடத்தை மட்டும் சொல்ல மாட்டான். என் கணவன் ரெஜிஸ் இந்த விஷயத்தில் ஊருக்கே தலைவன். கல்யாணமாகி முப்பது வருஷம் தாண்டிவிட்டது. இலையுதிர் காலம் வந்தால் பை நிறையக் காளானைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் கொட்டுவான். எங்கே கிடைத்தது என்று கேட்டால் "காட்டுல" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

யாராவது பின்தொடர்ந்து வந்துவிடுவார்களோ என்று காரை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் நடப்பான். காய்ந்த இலை நிறத்தில் ஒரு பழைய கோட்டு வைத்திருக்கிறான். அதைப் போட்டுக்கொண்டு பெரணிப் புதருக்குள் குனிந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. இவன் மட்டுமல்ல, காளானுக்குப் போகிற எல்லா ஆண்களுமே இங்கே இப்படித்தான். என்னவோ புதையல் காக்கிற பூதங்கள் மாதிரி.

செப்டம்பரில் எங்களுக்கு ஒரு வம்பு உண்டு. பழைய கட்டடங்களை எல்லாரும் இலவசமாகப் பார்க்கத் திறந்துவிடுகிற வார இறுதியும் காட்டுப்பன்றி வேட்டை தொடங்குகிற ஞாயிறும் ஒன்றாக வந்து விழும். வேட்டைக்காரர்களுக்குத் தலைவன் என் அண்ணன் மார்சியால். கோட்டைக் கோபுரத்தைச் சுற்றிக் காட்டுகிறவள் நான். போன வருஷம் நான் ராணி மாதிரி நீள அங்கி போட்டுக்கொண்டு, கோபுர உச்சியில் நின்று, வந்திருந்த குழந்தைகளுக்காக மாட்டுக்கொம்பை மூன்று முறை நீளமாக ஊதினேன். வேட்டையில் மூன்று முறை ஊதினால் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எவனும் துப்பாக்கியில் குண்டு வைத்திருக்கக் கூடாது. கீழே அத்தனை பேரும் குண்டை எடுத்துவிட்டார்கள். அப்போது பார்த்து, கன்றுக்குட்டி அளவு ஒரு பன்றி அவர்கள் முன்னால் நிதானமாக நடந்து போயிருக்கிறது. கிறிஸ்துமஸ் வரை அண்ணன் என்னோடு பேசவில்லை.

இந்த வருஷம் மேயர் முன்னிலையில் பஞ்சாயத்து நடந்தது. கோபுரமும், மலைச் சிற்றாலயமும், ஆற்றில் படகு விடுவதும் விருந்தாளிகளுக்கு. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காடு முழுக்க வேட்டைக்காரர்களுக்கு. கொம்பை ஊதக் கூடாது. என் வாக்கை நம்பாமல் மார்சியாலே கோபுரம் ஏறி வந்து கொம்புக்குள் ஒரு பழைய காலுறையைத் திணித்துவிட்டுப் போனான்.

ரெஜிஸுக்குக் கொடுத்த வேலை சிற்றாலயத்தைத் திறந்து சுவர் ஓவியங்களைக் காட்டுவது. காலையில் அந்தப் பாழாய்ப்போன கோட்டோடு கிளம்பினான்.

"கோயிலுக்கு எதுக்கு இது?" என்றேன்.

"உள்ள குளிரும், ஆர்லெட்."

முந்தின வாரம் நல்ல மழை, அதற்குப் பிறகு நல்ல வெயில். காளான் முளைப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அங்கியின் கொக்கி மாட்டாத எரிச்சலில் விட்டுவிட்டேன்.

முதல் கூட்டத்தைக் கோபுர உச்சிக்கு ஏற்றி, நூறாண்டுப் போரின் கதையைப் பாதி சொல்லியிருப்பேன். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு நீள ஊதல் கேட்டது. வேட்டை தொடங்கிவிட்டது. நாய்கள் குலைக்க ஆரம்பித்தன. அப்போதுதான் முதுகுப்பையோடு ஒரு கணவனும் மனைவியும் மூச்சு வாங்க மேலே வந்தார்கள். லீல் நகரத்துக்காரர்கள்.

"மேடம், அந்தச் சின்னக் கோயில் பூட்டியே கிடக்கு. வாசல்ல ஜனங்க நின்னுக்கிட்டிருக்காங்க" என்றாள் மனைவி.

"வழியில ஒருத்தரைக் கேட்டோம். காது கேக்காத மாதிரி போயிட்டார். உங்க ஊர்க்காரங்க மரியாதையே தனி" என்றான் கணவன்.

"யாரு? எப்படி இருந்தார்?"

"பழுப்புக் கோட்டு. கையில துணிப்பை. ஷூவைக் கழட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடையைத் தாண்டிப் போனார்."

ஓடையைத் தாண்டினால் துப்பாக்கிகள். அங்கே இருக்கிற ஒவ்வொருவனும் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஆரஞ்சு மேலங்கி போட்டிருப்பான், என் புருஷனைத் தவிர. இவன் பன்றி நிறத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு புதருக்குள் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருப்பான்.

பள்ளத்தாக்கில் போன் எடுக்காது. ஓடிப்போய்க் கூட்டி வரலாம் என்றால் எங்கே ஓடுவது? மலையின் அந்தச் சரிவு முழுக்கக் காடு. இத்தனை வருஷம் கேட்டும் அவன் சொல்லாத இடம் அதற்குள் எங்கேயோ இருக்கிறது.

கொம்பைப் பார்த்தேன். ஒருவேளை ரெஜிஸ் திரும்பி வந்து எங்காவது உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தால், அண்ணன் நான் சாகும் வரைக்கும் என் முகத்தில் முழிக்க மாட்டான். முழிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். காலுறை நன்றாக இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். முதல் ஊதலில் சொல்லவே கூச்சமாக இருக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. விருந்தாளிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கிற நிலையில் இல்லை. நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் கூட்டி மூன்று முறை நீளமாக ஊதினேன்.

கேட்டவன் திருப்பி ஊத வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சரிவின் ஒரு முனையில் ஒரு கொம்பு பதில் கொடுத்தது. அப்புறம் இன்னொன்று, இன்னும் தள்ளி மற்றொன்று. கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன்.

கோட்டை வாசலில் மார்சியாலின் ஜீப் வந்து நின்றது. தக்காளி நிறத்தில் முகம்.

"உனக்கு மூளை இருக்கா? மேயர் முன்னாடி சொன்ன வார்த்தை என்னாச்சு? நாய்ங்க பன்றியை இப்பத்தான் கிளப்பிச்சு..."

"அண்ணே, ரெஜிஸ் உள்ள இருக்கான்."

"அவன் கோயில்ல இருக்கான்."

"இல்ல. காளானுக்குப் போயிருக்கான். அந்தக் கோட்டோட."

மார்சியால் முகத்தில் இருந்த சிவப்பு அப்படியே வடிந்தது.

"எந்தப் பக்கம்?"

"என்னைக் கேட்டா? உன்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கானா?"

"என்கிட்டயா?" என்றான். "ஏறு வண்டியில."

ஓடைக்கரையில் வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகக் காட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். துப்பாக்கிகள் எல்லாம் குண்டில்லாமல் மடக்கித் திறந்திருந்தன. எல்லாரும் சேர்ந்து அவன் பேரைக் கூப்பிட்டோம். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டோம். ஒரு பறவை கூட அசையவில்லை. யாரும் சுட்ட சத்தம் நான் கேட்கவில்லை. ஆனால் படியில் உருண்டடித்து இறங்கும்போது என் காதில் என் மூச்சைத் தவிர வேறு என்ன கேட்டிருக்கும்?

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. தன் காளான் இடத்தில் நிற்கிறவன் கூப்பிட்ட குரலுக்குப் பதில் கொடுப்பானா?

"ரெஜிஸ், உன் காளான் யாருக்கும் வேணாம்" என்று கத்தினேன். "நான்தான் வந்திருக்கேன். உயிரோட இருந்தா வெளிய வா." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் இல்லாமல், நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து ரெஜிஸ் வந்தான். அந்த நிலையிலும் இடம் தெரிந்துவிடக் கூடாது என்று சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். கையில் பை நிறையக் காளான்.

"எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றான்.

முதலில் அவன் மார்பில் குத்தினேன். பிறகு கட்டிக்கொண்டேன். அவன்மேல் ஈர மண் வாசனை அடித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் அழுகையைப் பார்த்து அவன் பேந்தப் பேந்த விழித்தான்.

எல்லாருக்கும் கடைசியாகக் கோராலி வந்தாள். ரொட்டிக்கடைக்காரரின் மகள், போன வருஷம்தான் வேட்டை உரிமம் வாங்கியவள். ரெஜிஸைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தக் கோட்டுதான்" என்றாள். "பெரணிக்குள்ள பழுப்பா ஒண்ணு மெதுவா நகர்ந்துச்சு. வெளிய வரட்டும்னு துப்பாக்கியத் தோள்ல வச்சுக் காத்திருந்தேன். அப்பதான் கொம்பு கேட்டுது. குண்டை எடுத்துட்டேன்."

ரெஜிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு அந்தப் பையை அவளிடம் நீட்டினான். தன் மாமியாருக்குக் கூட ஒரு காளான் கொடுக்காதவன் அவன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் அவள் கையைப் பிடித்துப் பையை வைத்தான்.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றான். "விதிப்படி குண்டை எடுத்தே பாரு, அதுக்கு."

மார்சியால் தன் ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றி அவன் தலைவழியாக மாட்டிவிட்டான். என்னைப் பார்த்து, "அடுத்த வருஷம் காலுறை வேணாம்" என்று மட்டும் சொன்னான்.

சிற்றாலயம் மத்தியானத்துக்கு மேல்தான் திறந்தது. கோபுரத்தை மேயரின் தலையில் கட்டிவிட்டு நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ரெஜிஸ் வழக்கம் போலப் புனிதர்களின் பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னான். நான் திருத்தவில்லை. உள்ளே ஒரே இருட்டு. ஓவியம் கூடச் சரியாகத் தெரியவில்லை, அவன் மட்டும் பளிச்சென்று தெரிந்தான்.

லீல் நகரத்துக்காரி கேட்டாள்: "கோயிலுக்குள்ள எதுக்குங்க இந்த மேலங்கி?"

"என் மனைவி அங்க பின்னாடி உக்காந்திருக்கா" என்றான் ரெஜிஸ். "நான் எங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ராணி அங்கியின் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.