சாப்பாட்டில் சேராதது

நல்லதம்பிக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், நோனிச் சாறு. பழத்தைப் பாட்டிலில் அடைத்து வெயிலில் வைத்து, அது அழுகி விடுகிற கறுப்புத் தண்ணீரை மருந்து என்று நீட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் இந்தி கலந்து பேசும் அந்தத் தீவில், சிப்பிகாட் ஊரில், அவர் தெருவில் அதைக் குடிக்காத வீடு கிடையாது. சர்க்கரைக்கும் அதுதான், மூட்டுவலிக்கும் அதுதான். அவர் மனைவி சுகுணா மூக்கைப் பிடித்தாவது குடிக்க வைத்துவிடுவாள்.

"மனுசன் குடிப்பானா இத?"

"மனுசன் சாகக்கூடாதுன்னுதான் குடுக்கிறேன். வாயத் தொறங்க."

அவருக்குச் சிறுநீரகம் பாதி கெட்டிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரவீன்குமார் பிரஷர் மாத்திரையை மாற்றியபோது, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது என்று கண்டித்துச் சொன்னார். சுகுணா வாசல் தென்னையில் இளநீர் வெட்ட யாரையும் விடவில்லை. வாழைப்பழம் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. கீரையைக்கூட வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் போட்டாள். பாவி, அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். நோனி மட்டும் நிற்கவில்லை. அது சாப்பாடா என்ன? மருந்துதானே.

மழை பிடித்ததும் நல்லதம்பி துவண்டார். சட்டைப் பொத்தானைப் போடக் கையில் வலுவில்லை. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் மரம் மரமாக ஓடிப் பால் வெட்டிய மனிதர், பாத்ரூம் போக அவள் தோளைப் பிடித்தார். சுகுணா நோனியை இன்னும் கூட்டினாள். அரை டம்ளரை முழு டம்ளர் ஆக்கினாள். அப்படியும் தேறவில்லை என்று சாயங்காலமும் கொடுத்தாள்.

"வேணாம் புள்ள. இதக் குடிக்கக் குடிக்க ஒடம்பு கனத்துப் போகுது."

"நாக்குக்குப் புடிக்கலன்னா ஒடம்பு மேல பழியப் போடுறீங்களா?"

ஒரு காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்புப் படத்தைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"இளநீர் குடுத்தீங்களா?"

"தொடவிடல டாக்டர் சாப்."

"வேற தவாய், மருந்து ஏதாச்சும்?"

"நோனி. வீட்லயே நானே போட்டது. வேளை தவறுனதில்ல." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "நான் குடுத்த மாத்திரை பிரஷரைக் குறைக்கும். ஆனா பொட்டாசியங்கிற உப்பை ஒடம்பை விட்டு வெளிய போகவிடாது. நல்ல கிட்னி சமாளிச்சுக்கும், இவருக்கு முடியாது. அதான் இளநீர் வேணாம்னேன். நோனியிலயும் அந்த உப்புதாம்மா. அது ரத்தத்துல ஏற ஏறக் கை கால் துவளும். கடைசியா இதயம் நின்னுடும். இதை நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்."

ஊசி மேல் ஊசி போட்டார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நல்லதம்பியின் உயிர் போனது. துவளத் துவள ஊற்றினோமே, வேணாம் வேணாம் என்றாரே என்று சுகுணா சுவரில் முட்டிக்கொண்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டு ஒச்சம்மா வந்து உட்கார்ந்தாள்.

"ஒன்ன மாதிரி புருசன யாரு பாத்துப்பா? அந்த நோனிதான் இத்தன நாள் அவர நிறுத்தி வெச்சிருந்துச்சு. மிச்சமிருந்தா குடு சுகுணா. எங்க வீட்டுக்காரருக்கும் கிட்னி கம்ஜோர், வலுவில்லன்னு சொல்லிட்டாங்க."

சுகுணா எழுந்து பாட்டிலை எடுத்து வந்து, அவள் கண்ணெதிரே சாக்கடையில் கவிழ்த்தாள்.

"இதக் குடுத்துத்தான் அவரக் கொன்னேன். டாக்டரே சொல்லிட்டாரு. ஒம் புருசனுக்குக் குடுக்காத ஒச்சம்மா, ஒங் கால்ல விழுறேன்." சொன்னபடியே விழுந்தாள்.

ஒச்சம்மா பதறித் தூக்கினாள். கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். "பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி பேசாத. துக்கம் ஒன்ன இப்படிப் பேச வைக்குது" என்று கண்ணைத் துடைத்துவிட்டாள். தண்ணீர் குடிக்கவைத்து, படுக்கவைத்து, போர்த்திவிட்டுப் புறப்பட்டாள்.

ஜன்னல் வழியே சுகுணா பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியோர நோனி மரத்தடியில் ஒச்சம்மா குனிந்தாள். விழுந்து கிடந்ததில் நல்லதாகப் பார்த்து நாலைந்து பழங்களை முந்தானையில் கட்டிக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.