பச்சை ஏறிய முனை

1984-இல் அப்துல் ரவூபும் மெஹராஜும் செம்பூரில் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம். குடியிருப்பு சுனாபட்டியில்.

பீங்கான் குழாயில் எரிபொருள் கலம் செய்வது ரவூபின் வேலை. ஆயிரம் டிகிரி சூட்டில் குழாய்க்குள்ளே ஹைட்ரஜனையும் வெளியே காற்றையும் விட்டால் மின்சாரம் வரும். எவ்வளவு வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது மெஹராஜ்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை. கரண்டை ஏற்ற ஏற்ற, அவள் கணக்கில் வோல்ட் மெல்ல இறங்கியது. அவன் மீட்டரில் சட்டென்று விழுந்தது. அவள் 0.7 என்ற இடத்தில் மீட்டர் 0.48 காட்டியது.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. குழாய்லதான் கசிவு. அறுத்துப் பாத்துடுங்கோ," என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார் தலைவர் அனந்தநாராயணன்.

சுட்ட ஏழு குழாய்களில் விரிசல் விடாமல் தேறியது அது ஒன்றுதான். ரவூப் சரி என்று தலையாட்டினான்.

மறுநாள் மெஹராஜ் அவன் அறைக்குப் போனபோது, குழாயைத் துணியில் கிடத்தி ரம்பத்தை எடுத்து வைத்திருந்தான்.

"ஏங்க, என் கணக்குலயும் தப்பு இருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நாலு மாசமா நீ கண்ணு வலிக்க எழுதுனது. எனக்குத்தான் எங்கயோ கை பிசகியிருக்கும்." குழாயைத் திருப்பிக் காட்டினான். "பாரு, இந்த முனையில நிக்கல் உள்பூச்சு பச்சையாயிட்டு. நிக்கல்ல காத்து பட்டாத்தான் இப்படி. கசிவு இங்கதான் இருக்கணும்."

மெஹராஜ் குனிந்து பார்த்தாள். "ஹைட்ரஜன் இந்தப் பக்கமா உள்ள போவுது?"

"இல்ல, இது வெளிய வர்ற முனை."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "கசிவு இல்லைங்க. ஹைட்ரஜன் வர்ற வழியிலேயே செலவாயிட்டு. செலவானது நீராவியாத்தான் இங்க வந்து சேருது. வெறும் நீராவி பட்டாலும் நிக்கல் பச்சையாகும். நான் குழாய் முழுக்க ஒரே அளவு ஹைட்ரஜன்னு வச்சுல்லா கணக்குப் போட்டேன்!"

ரம்பத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே அனந்தநாராயணனிடம் போய் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். கணக்கில் குழாயை இருபது துண்டாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு ஹைட்ரஜன் குறைவதாகத் திருத்தி எழுதினாள். கம்ப்யூட்டருக்கான கார்டுகளை மூன்று தடவை துளையிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அச்சாகி வந்த தாளில், முன்பு 0.7 இருந்த இடத்தில் 0.52 என்று இருந்தது.

"தப்பு என் கணக்குலதான் சார். அவர் குழாய்ல ஒண்ணுமில்ல," என்றாள், கூட்டத்தில், எழுந்து நின்று.

அனந்தநாராயணன் தாளை இரண்டு முறை பார்த்தார். "குழாயைப் பத்திரமா வைங்கோ, ரவூப்," என்றார்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது ரவூப் கேட்டான்: "அத்தனை பேர் முன்னாலயும் சொல்லணுமா புள்ள?"

"உங்க குழாயைக் குத்தம் சொன்னப்பவும் அத்தனை பேரும் இருந்தாங்கள்லா?"

ரவூப் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் பாயிண்ட் ஜீரோ நாலு இடிக்குதே," என்றான்.

"எதனாலன்னு தெரியல. திங்கக்கிழமை திரும்ப அளந்து தாங்க. ரெண்டு பேருமா பாப்போம்."