சேனை தொட்ட கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், மலாயாவில் மாசாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணியாக இருந்த லூயிஸுக்கு, விடியற்காலையில் வேலைக்கு வரிசைகட்டும் பெரட்டில் நூற்றிருபது ஆட்களின் பெயரைத் தப்பாமல் கூப்பிடத் தெரியும். யார் காய்ச்சலில் கிடக்கிறார், யார் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு கிடக்கிறார் என்பதுகூடத் தெரியும். வீட்டில் இருக்கும் எட்டு மாத மகள் டோரிஸ் மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை.

அந்தப் பிள்ளை சிரிக்காது. அழுகையும் குறைவுதான். யார் தூக்கினாலும் புருவத்தைச் சுருக்கி மேலும் கீழும் பார்க்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டு ஆழமாகப் போய்விட்டதா என்று தோட்டத்துத் துரை பார்ப்பாரே, அதே பார்வை. பார்த்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விடும். லூயிஸ் காக்கை மாதிரி கத்திப் பார்த்தான். தலையில் பால் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு குதித்தான். பிள்ளை அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. லேசில் மயங்காத பெண் என்று அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் அதன் தாய் செசிலிக்கு அப்படி இல்லை.

"நீங்கதானே பிடிவாதமா உங்க அக்காவ சேனை தொட்டு வைக்கச் சொன்னீங்க?" என்று ஒருநாள் பொரிந்து தள்ளினாள். "பிள்ள அவங்க மாதிரியே உம்முன்னு இருக்கு. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா வச்சிருந்தா இந்நேரம் கலகலன்னு சிரிச்சிருக்கும்லா!"

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பவரின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பார்கள். அக்காவின் பொறுமையும் உழைப்பும் வரட்டும் என்றுதான் லூயிஸ் அவளைத் தொட்டு வைக்கச் சொன்னான். அவள் சிரிக்க மாட்டாள் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை.

அக்கா சூசையம்மாள் அடுப்படியில்தான் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பிள்ளையின் பக்கமே வரவில்லை. அழுதால், "செசிலி, பிள்ளயப் பாரும்மா" என்று தள்ளி நின்றே குரல் கொடுப்பாள். தாய் தகப்பன் போனபின் தன்னை வளர்த்து ஆளாக்கியவள், தன் வீட்டிலேயே தன் பிள்ளையைத் தொடப் பயப்படுகிறாளே என்று லூயிஸுக்கு நெஞ்சு வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு, சூசையம்மாள் பின்வாசலில் வறுத்த மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். லூயிஸ் சற்றுத் தள்ளிக் காற்று வராத பக்கமாகப் பிள்ளையை மடியில் வைத்திருந்தான். செசிலி அரிசி களைந்தாள்.

நெடி ஏறியது. சூசையம்மாள் தும்மினாள். சாதாரணத் தும்மலா அது? உலக்கை ஒரு பக்கம் விழுந்தது, கொண்டை அவிழ்ந்தது, கோழிகள் சிதறி ஓடின.

டோரிஸ் புருவத்தைச் சுருக்கினாள். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கிக்கிக்கென்று தொடங்கி, வயிறு குலுங்கி, கடைசியில் மூக்கால் ஒரு சத்தத்தோடு முடிகிற சிரிப்பு.

"அலமாக்! பிள்ள சிரிக்குதுங்க!" என்று செசிலி அரிசியை அப்படியே விட்டாள்.

சூசையம்மாள் திகைத்து நின்றாள். அப்புறம், ஊரே பார்த்து ஒதுங்கும் அந்த மனுஷி, வராத தும்மலை வரவழைத்து "அச்ச்ச்!" என்றாள். பிள்ளை மறுபடி சிரித்தது. இன்னொரு பொய்த் தும்மல். அதற்குமேல் அவளாலும் தாங்க முடியவில்லை. கிக்கிக்கென்று தொடங்கி, வயிறு குலுங்கி, கடைசியில் மூக்கால் ஒரு சத்தம்.

லூயிஸுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு வயதில், நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பலில், அவன் கஞ்சித் தட்டோடு வழுக்கி விழுந்தபோது அக்கா சிரித்த சிரிப்பு அது. இந்த மண்ணுக்கு வந்த முதல் வருஷமே காய்ச்சல் அவள் புருஷனைக் கொண்டுபோனது. அதற்குப் பின் அந்தச் சிரிப்பை யாரும் கேட்டதில்லை. அவனே மறந்துபோயிருந்தான். சேனை பலித்துத்தான் இருக்கிறது!

"அக்கா, இது உன் சிரிப்புக்கா" என்றான்.

செசிலி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். நாத்தனாரின் மிளகாய்க் கைகளைத் தானே கழுவி, முந்தானையால் துடைத்துவிட்டாள். பிள்ளையை வாங்கி அவள் மடியில் வைத்தாள்.

"அண்ணி, நான் ஏதோ வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அடுத்த பிள்ளைக்கும் நீங்கதான் தொட்டு வைக்கணும்."

சூசையம்மாள் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். கண்ணீர் வந்தது. மிளகாய் நெடி என்பதுபோல் மூக்கை உறிஞ்சினாள். தும்மப் போகிறாள் என்று நினைத்து, டோரிஸ் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.