ஏழும் பதினொன்றும்

கடல் ஆராய்ச்சி நிலையத்து அறிக்கையின் முன்னட்டையை மாமியார் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அட்டைப்படத்தில் சின்ன மருமகள் தண்ணீருக்கடியில் பவளக் கிளையொன்றை அளந்துகொண்டிருந்தாள். ஓரத்தில் பிரஷ் பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. அது பெரிய மருமகளின் கை.

“இது யாரு கைன்னு பாத்தீங்களா அத்தை?”

“யாரு கையா இருந்தா என்ன, நம்ம வீட்டுப் பொண்ணு அட்டையில வந்திருக்கா.”

பெரியவள் பாத்திரம் கழுவப் போனாள். இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பவளம் வளர்க்க நிலையத்து மேடம் இடம் தேடியபோது, எந்தப் பாறை மறைவில் நீரோட்டம் அடங்கியிருக்கும் என்று காட்டியவள் அவள். இரும்புச் சட்டங்களை இறக்கி, உடைந்த பவளத் துண்டுகளை நைலான் கயிற்றால் கட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் வில்லை மாட்டியதும் அவள்தான். ஆனால் எழுதச் சொன்னால் எறும்பு ஊர்வதுபோல் எழுதுவாள். கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த சின்னவளோ தண்ணீருக்கடியிலும் பலகையில் முத்து முத்தாக எழுதினாள். அளவுகோல் அவள் கைக்குப் போயிற்று. பாசி தேய்க்கும் பிரஷ் பெரியவளுக்கு மிஞ்சியது. மேடம் இப்போதெல்லாம் படகில் ஏறும்போதே “சின்னவங்க எங்க?” என்றுதான் கேட்கிறார். கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது.

அந்த வாரம் பாசி தேய்க்கத் தனியாக இறங்கியபோது, ஏழாம் எண் வில்லையையும் பதினோராம் எண் வில்லையையும் இடம் மாற்றிக் கட்டினாள். மூச்சு முட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மாதக் கூட்டத்தில் மேடம் எல்லோர் முன்னாலும் சின்னவளின் பலகையைத் தூக்கிப் பிடித்தார். “பதினொண்ணு மூணு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு. ஏழு மூணு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கு. கடல்ல இறங்கினியா, கரையில உக்காந்தே எழுதினியா?”

சின்னவள் எடுத்த ஆறு மாத அளவுகளும் சந்தேகமென்று ஒதுக்கப்பட்டன. இன்னொரு தடவை பொருந்தாவிட்டால் வேலை இல்லை. நெஞ்சு குளிரும் என்று பெரியவள் நினைத்திருந்தாள். குளிரத்தான் செய்தது, வீடு போய்ச் சேரும்வரை.

மறுநாள் படகில் இருவர் மட்டும். முகக்கண்ணாடியைக் கழுவியபடியே சின்னவள் சொன்னாள்: “அந்த ரெண்டு வில்லையில மட்டும் கயிறு புதுசுக்கா. கூட்டம் முடிஞ்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது.”

பெரியவள் பிரஷைக் கீழே வைத்தாள். “மேடம்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா உங்களை நிறுத்திடுவாங்க. நீங்க பக்கத்துல இல்லாம என்னால தலையைக்கூட உள்ள விட முடியாது. தண்ணின்னா அவ்ளோ பயம்.”

எழுதும்போது ஆடாமல் இருக்கத்தான் சின்னவள் தன் கையைப் பிடித்துக்கொள்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள் பெரியவள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். காட்டிக்கொடுக்காமல் இருந்து இதிலும் இவளே நல்லவளாகிவிட்டாளே என்று மறுபடியும் எரிந்தது.

“மேடம்கிட்ட நானே…” என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தாள்.

கீழே, பெரியவள் அந்த இரண்டு வில்லைகளின் முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க, சின்னவளின் நகங்கள் அவள் மேற்கையில் பதிந்திருந்தன. விரல் நீளம்கூட இல்லாத நீல மீன்கள் கிளைகளுக்குள்ளிருந்து கூட்டமாக வெளியே வந்தன. இரண்டு பெண்களையும் ஒருமுறை சுற்றிவிட்டு மறுபடி உள்ளே ஒதுங்கின.