தூக்கிவிடும் கை

ராயபுரம் கடற்கரையை ஒட்டிய கரிக் கிடங்கில் பெண்களை ஜோடியாகத்தான் வேலைக்கு எடுப்பார்கள். நிரம்பிய கூடையைத் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ள எவளாலும் முடியாது. ஒருத்தி கரியை அள்ளிப் போட்டுத் தூக்கிவிடுவாள். மற்றவள் சுமந்துபோய்க் கொட்டுவாள். மத்தியானத்துக்கு மேல் மாற்றிக்கொள்வார்கள். ஜோடி இல்லாமல் வந்தவளைக் காவல்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான்.

கூடை தலையில் உட்கார்ந்ததும் சுமக்கிறவள், "கை நல்லாருக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் நடப்பாள். அது அங்கே வழக்கம். யாரும் யோசித்துச் சொல்வதில்லை, ஆனாலும் சொல்லாமல் போவதில்லை.

தாயம்மா மட்டும் சொன்னதில்லை. அந்த மூச்சை அவள் வேறு காரியத்துக்குச் செலவழித்தாள்.

"இன்னா கூடைடி இது, பூரா பொத்தலு. வெயிலு மண்டைய பொளக்குது. காலைல குடிச்ச கஞ்சி புளிச்சி நெஞ்சுல நிக்குது. கப்பல்காரன் கரிய அனுப்புறானா, கல்ல அனுப்புறானா?"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தூக்கிவிட்டவள் மலர்க்கொடி. தாயம்மாவைவிட இளையவள், ஒல்லி. புருஷன் ரங்கூனுக்குப் போனவன், திரும்பவில்லை.

"யக்கா, உன் வாய்க்கின்னு தனியா ஒரு கூடை தூக்கி வுடணும்" என்று சிரிப்பாள்.

ஐப்பசி மழையில் கரி நனைந்து இரட்டைக் கனம் கனத்த நாளில், தூக்கும்போது மலர்க்கொடிக்கு இருமல் வந்தது. கை தளர்ந்தது. கூடையின் விளிம்பு தாயம்மாவின் காதைக் கிழித்தது. அவள் கத்திய கத்தலில் மேஸ்திரி கருணாகரன் வந்து நின்றான்.

"இன்னா சத்தம்?"

"இதெல்லாம் ஒரு கையா? செத்த கை! இத்தோட மாரடிக்க என்னால ஆவாது மேஸ்திரி!"

சொல்லிவிட்டுப் போனாள். கரியைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது சொன்னதே அவளுக்கு மறந்துவிட்டது. கருணாகரனுக்கு மறக்கவில்லை. ஆளைக் குறைக்கச் சொல்லி முதலாளி அவனை நெருக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மலர்க்கொடியை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றான்.

வெளியே தெருவில் மலர்க்கொடி கேட்டாள். "யக்கா, நெஜமாவா சொன்னே?"

"நான் தெனம் சொல்றதுதானேடி."

"தெனம் எங்கிட்ட சொன்னே. இன்னிக்கு அவங்கிட்ட சொல்லிட்டியே."

மறுநாள் தாயம்மா தனியாக வாசலில் நின்றாள். எவளும் அவளோடு சேரவில்லை.

"தூக்கறதும் நாங்க, திட்டு வாங்கறதும் நாங்களா?" என்றாள் ஒருத்தி. "உன்னாண்ட வந்தா தலையில கரி, காதுல நீ. ரெண்டு சொமையாம்மே தூக்கறது?" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

வீட்டில் கப்பல் சங்கிலியில் கால் நசுங்கிய புருஷன் சுப்பராயன் படுத்துக் கிடந்தான். அவனிடம் போய்ச் சொல்லத் தைரியம் இல்லாமல் காசிமேட்டுப் பக்கம் மலர்க்கொடியின் குடிசைக்குப் போனாள். எப்படியாவது சமாதானம் பேசி அவளை அழைத்துவந்துவிடலாம் என்ற எண்ணம்.

மலர்க்கொடி பாயில் இருந்தாள். பக்கத்தில் கிடந்த துணியில் ரத்தம்.

"எப்பலேர்ந்துடி இது?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க யக்கா வாய மூடினே, நான் சொல்றதுக்கு?" மலர்க்கொடி சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. "பரவால்ல வுடு. அங்க நாலு பேரோட இருந்தேன். நீ கத்துவே, நான் சிரிப்பேன். அதுல பொழுது போச்சி. இங்க ஒண்டியா கெடக்கறதுதான் பேஜாரா கீது."

தாயம்மா மாதங்களை எண்ணினாள். ஆடியிலிருந்து தன் தலைக்கு ஏறிய ஒவ்வொரு கூடையையும் இந்த நெஞ்சுதான் தூக்கிவிட்டது. ஒரு தடவையாவது 'கை நல்லாருக்கணும்' என்று சொன்னோமா என்று யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லை.

நேரே கருணாகரனிடம் போனாள். கரியில் கல் பொறுக்கும் வேலை நிழலில் உட்கார்ந்து செய்வது. அதையாவது மலர்க்கொடிக்குக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அன்னிக்கு செத்த கைன்னே. இன்னிக்கு உசுரு வந்துருச்சா?"

"வாய்க்கு வந்தத சொல்லிட்டேன், நைனா. அவ நல்லா வேலை செய்றவ."

"நீ சொல்றதுல எது வாய்க்கு வந்தது, எது நெஜம்னு நான் எப்டிம்மே பிரிக்கிறது? உன் வாயால ஒரு நல்ல வார்த்தை இதுவரைக்கும் எவனாச்சும் கேட்டிருக்கானா? போ, போ."

தை பிறக்குமுன் மலர்க்கொடி செத்துப்போனாள். பாடையில் எடுத்து வைக்கும்போது தாயம்மா தோள்பக்கம் பிடித்தாள். கனமே இல்லை.

ஜோடி கிடைக்காமல் தாயம்மா அதுவரை வாசலிலிருந்தே திரும்பிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு கிடங்குக்குப் புதிதாக வந்தவள் சிலுவையம்மாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். மீன்கூடை சுமந்து பழக்கமே தவிர, கரி தெரியாது. தாயம்மாவின் வாயைப் பற்றியும் தெரியாது. அதனால் ஜோடி சேர்ந்தாள்.

முதல் கூடையைச் சிலுவையம்மாள் கோணலாகத் தூக்கினாள். கரித்தூள் தாயம்மாவின் கண்ணில் கொட்டியது. விளிம்பு அதே காதில், ஆறிய புண்ணின்மேல் அழுந்தியது. திட்டு வாய்வரை வந்துவிட்டது. கருணாகரன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா தாயம்மா, இந்தக் கை எப்டி?"

சிலுவையம்மாளின் முகம் வெளுத்தது. அவள் கைகள் இன்னும் கூடையின் அடியிலேயே இருந்தன. அந்தக் கைகள் இல்லாவிட்டால் இந்தக் கூடை தரையில்தான் கிடக்கும். சுப்பராயனுக்குக் கஞ்சி கிடையாது.

"நல்ல கை மேஸ்திரி" என்றாள் தாயம்மா.

அவன் நம்பாமல் கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் வேறொன்றும் சொல்லாததால் அடுத்த ஜோடியிடம் போனான்.

கண் எரிந்து நீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

"கை நல்லாருக்கணும்" என்று சிலுவையம்மாளிடம் சொன்னாள். "அடுத்த கூடைக்கு முட்டிய மடக்கித் தூக்கு. நெஞ்சுல புடிக்காது."

நடந்தாள். பின்னால் சிலுவையம்மாள் கரியை அள்ளிப் போடும் சத்தம் கேட்டது.