நசீருதீனுக்குக் கொடுத்த நாற்பதாயிரம்

அன்று கிள்ளானில் எங்கள் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி முத்து பீவி, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்திருந்த எங்கள் மகள் ஷைமா, பக்கத்து வீட்டுப் பழனியப்பன், கூரை வேலையை எடுத்துக்கொண்ட நசீருதீன். தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

மாடிக் கூரையின் மரச்சட்டங்களைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. ஒரு மழையில் ஓடுகள் சரிந்து குளியலறைக்குள் விழுந்தபின் தள்ளிப்போட வழியில்லை. நசீருதீன் ஸ்ரீ கெம்பாங்கானில் சிறிய கான்ட்ராக்டர். அவனுடைய வாப்பா மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் என் துணிக்கடைக்கு எதிரே மசாலாச் சாமான் விற்றவர். அந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

உறையை நீட்டியபோது அவன் தயங்கினான்.

"பாதி போதும் ஹாஜியார். மிச்சத்த வேலை முடிஞ்சதும் வாங்கிக்கிறேன்."

"எங்க வீட்ல வேலை செய்றவங்கள பாதிக் காசுக்குக் காக்க வைக்கிறதில்ல. முழுசா பிடி."

"வாப்பா, ஆன்லைன்ல போட்டுடலாம் லா. ரெக்கார்டு இருக்கும்" என்றாள் ஷைமா. அவள் வங்கியில் வேலை செய்பவள்.

"ஆன்லைன்னா வெல வேற, தங்கச்சி" என்று நசீருதீன் சிரித்தான். "கேஷ்னா மரக்கடைக்காரன் எனக்குக் கொறைப்பான், நான் ஹாஜியாருக்குக் கொறைப்பேன்."

"அப்ப ஒரு ரெசிட்டாவது எழுதிக் குடுங்கண்ணே."

"பேங்க் புள்ள" என்றார் பழனியப்பன். "விட்டா கல்யாண மொய்க்கும் ரெசிட் கேக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஷைமாவை உள்ளே போய்த் தேநீர் கொண்டுவரச் சொன்னேன். சலாம் சொல்லி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவனிடம் கையெழுத்துக் கேட்பது, நீ திருடுவாய் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதாகும். இன்றைக்கும் என் எண்ணம் அதுதான்.

உறைக்குள் நாற்பதாயிரம் மலேசிய வெள்ளி இருந்தது. அதில் பாதி என்னுடையது. மறுபாதி முத்து பீவி ஹஜ்ஜுக்காகச் சேர்த்தது. வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்று, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவைத்த பணம். நான் இளவயதிலேயே என் வாப்பாவோடு போய் வந்துவிட்டேன், அவள் போகவில்லை. கூரை முதலில் ஆகட்டும், பயணம் பிறகு பார்க்கலாம் என்று அவளாகத்தான் எடுத்துத் தந்தாள். மற்றவர்கள் வருவதற்கு முன்பே நான் இரண்டு பணக்கட்டுகளையும் ஒரே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பெண்டாட்டியின் ஹஜ் பணத்தில் கூரை போட்டவன் என்ற பேச்சு எங்கள் குடும்பத்தில் எவனுக்கும் வந்ததில்லை. ஷைமாவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

வேலை மறுநாளே தொடங்கியது. ஆட்கள் ஓடுகளை இறக்கினார்கள், உளுத்த சட்டங்களை அறுத்துத் தள்ளினார்கள், மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். புது மரம் பார்க்க ஜெஞ்சாரோம் பக்கம் போன நசீருதீன், போன இடத்தில் லோரிக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. மரக்கடைக்காரரிடம் அவன் ஒரு காசும் கட்டியிருக்கவில்லை. நான் கொடுத்த பணம் பழைய வேலை ஒன்றின் கடனுக்குப் போயிருக்கலாம் என்றார்கள் அவனுடைய ஆட்கள். அவர்களும் சம்பளம் வராமல் நின்றவர்கள்தான்.

ஜனாஸா தொழுகைக்குப் போனேன். பள்ளிவாசல் நிறைந்திருந்தது. தொழுகைக்கு முன், வழக்கப்படி, நசீருதீனின் மகன் ஜுஹைர் கிடத்தியிருந்த மய்யித்தின் பக்கத்தில் எழுந்து நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும்.

"எங்க வாப்பா யாருக்காவது குடுக்க வேண்டியது இருந்தா இப்ப சொல்லுங்க. இல்லன்னா வீட்டுக்கு வந்து சொல்லுங்க. இனிமே அது என் கடன். நான் பொறுப்பு."

சிமெண்ட் கடைக்காரர் ஒருவர் கையை உயர்த்தித் தொகையைச் சொன்னார். அவர் பையில் பில் இருந்தது. இன்னொருவர் ஓட்டுக்கடைப் பாக்கியைச் சொன்னார், அவரிடமும் பில் இருந்தது. பிறகு யாரும் பேசவில்லை. ஜுஹைர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முகத்திலும் ஒரு கணம் பார்வையை நிறுத்தினான்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாற்பதாயிரம் என்று சொல்ல வேண்டும். எந்தத் தாளும் இல்லாமல், வெறும் என் வார்த்தையை அத்தனை பேர் முன்னால் வைக்க வேண்டும். உண்மையா என்று ஒருவன் புருவம் உயர்த்தினாலும் போதும். பெண்கள் பகுதியில் முத்து பீவி இருந்தாள். யாருடைய பணம் எவ்வளவு என்ற கேள்வி வந்தால் அவளால் பொய் சொல்ல முடியாது. தக்பீர் கட்டினார்கள். தொழுதேன்.

பள்ளிவாசல் வாசலில் காத்துக்கொண்டிருந்த பழனியப்பன் காரில் வரும்போது கேட்டார். "சொல்லிட்டீங்களா ஹாஜியார்?"

"என்னத்த?"

"நான் சாட்சி இருக்கேன்ல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே உள்ள வந்து சொல்லியிருப்பேன்."

"என் பேச்சுக்கு சாட்சி வேணுமா?"

அதற்குப் பிறகு அவர் வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலை மழை பிடித்தது. தார்ப்பாய் நடுவில் குளம்போல் தண்ணீர் தேங்கித் தொங்கியது. படுக்கையறைக் கூரைப்பலகை ஒன்று ஊறிப் பிளந்து கட்டில்மேல் விழுந்தது. நானும் முத்து பீவியும் மெத்தையை முன்னறைக்கு இழுத்து வந்தோம்.

"அப்புறமாவது கேட்டீங்களா?" என்றாள்.

"மௌத்தானவன் வீட்ல போய் காசு கேக்கச் சொல்றியா?"

"நீங்க போகல. அந்தப் புள்ளயே எந்திரிச்சு நின்னு கேட்டான்." வாளியைச் சொட்டும் இடத்துக்கு நகர்த்தினாள். "உங்க பாதி உங்க இஷ்டம். அதுல நான் பேச மாட்டேன். என் பாதிக்கு நீங்க எதுக்கு வாய மூடினீங்க?"

நான் மெத்தையின் ஈரமான ஓரத்தை மடித்துவிட்டேன். அடுத்த வாரம் ஷைமா மூன்று கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்டு அனுப்பினாள். மூன்றும் நசீருதீனின் விலையைவிட அதிகம். நான் வேண்டாம் என்றேன். கையில் இல்லை என்று மகளிடம் எப்படிச் சொல்வது?

ஜுஹைர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். வேலையாட்களிடம் விசாரித்து விலாசம் கண்டுபிடித்திருக்கிறான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே அண்ணாந்து மாடிப்படி வழியாகத் தெரிந்த நீலத் தார்ப்பாயைப் பார்த்தான்.

"மாமா, வாப்பா உங்ககிட்ட எவ்ளோ வாங்கினாரு?"

"உன் வாப்பா வேல ஆரம்பிச்சாரு. மௌத்தாயிட்டாரு. அவ்ளோதான்."

"காசு வாங்காம கூரையப் பிரிக்க மாட்டாரு மாமா. எனக்குத் தெரியும். எவ்ளோன்னு சொல்லுங்க. மாசாமாசம் கட்டிடறேன். நான் லோரி ஓட்டறேன், சம்பளம் வருது."

"வீடு தேடி வந்த பிள்ளைகிட்ட நான் கணக்கு பேசறதில்ல."

அவன் கண்கள் நிறைந்தன. "அப்படின்னா அந்தக் கடன மன்னிச்சு ஹலால் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. அது போதும். உம்மா தூங்க மாட்டேங்கறாங்க. வாப்பா கபுர்ல கடனோட கெடக்குறாருன்னு அழுவுறாங்க."

முத்து பீவி தேநீர்த் தட்டோடு கதவருகே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் அந்த வார்த்தையைச் சொல்வதென்றால் என் பாதிக்குத்தான் சொல்ல முடியும். அவளுடைய பாதிக்கு அவள் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாய் என்று அந்தப் பையன் முன்னால் அவளிடம் கேட்டால், யார் பணம் என்பது அங்கேயே வெளியே வந்துவிடும்.

"டீ குடிச்சிட்டுப் போ தம்பி" என்றேன்.

அவன் குடித்தான். கோப்பையைக் கீழே வைத்தான். வாசல்வரை போய்த் திரும்பி என் கையைப் பிடித்து முத்தமிட்டான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதையே அவன் மன்னிப்பாக எடுத்துக்கொண்டு ஊரிலும் சொல்லியிருக்க வேண்டும்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் வந்து என் கையைப் பற்றுகிறார்கள். பெரிய மனசு ஹாஜியாருக்கு, அல்லாஹ் பரக்கத் செய்வான் என்கிறார்கள். தார்ப்பாய் இருமுறை கிழிந்து மாற்றப்பட்டது. மாடிக்கு இப்போது யாரும் போவதில்லை. முத்து பீவி பலகாரம் செய்வதை நிறுத்திவிட்டாள்.

நசீருதீனின் கடனை நானும் என் மனைவியும் மன்னித்துவிட்டோம் என்று பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். முத்து பீவியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.