வெள்ளிமலை ஜீப் எத்தனை விற்றது?

என் தம்பி ஜெயப்பிரகாஷ் நல்லவன்தான். ஆனால் கள்ளக்குறிச்சியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். நல்லவன் கையில் ஃப்ளெக்ஸ் மிஷின் கிடைத்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்லுவேன்.

என் வீட்டுக்காரர் கவியரசன் வீடியோ கேம் செய்கிறவர். டிவியில் கன்சோலை மாட்டிவிட்டு, கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விளையாடுவார்களே, அந்த மாதிரி கேம். மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்றைச் செய்து முடித்தார். பெயர் ‘வெள்ளிமலை ஜீப்’. மலைப்பாதையில் ஒரு ஷேர் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சாமை மூட்டை, ஆட்டுக்குட்டி, கல்யாணத்துக்குக் கிளம்பிய கூட்டம் என்று வழியெல்லாம் ஏறிக்கொண்டே இருப்பார்கள். யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது, வளைவில் யாரையும் கீழே தள்ளிவிடவும் கூடாது. பின்சீட்டில் உட்கார்ந்து டிரைவரைத் திட்டிக்கொண்டே வரும் பொம்பளைக்கு நான்தான் குரல் கொடுத்தேன். அதற்கு ஒத்திகையே தேவைப்படவில்லை என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பணம் போட்டது பெங்களூரில் ஒரு கம்பெனி. மார்ச் முடிவதற்குள் இருபதாயிரம் பிரதி விற்றால் அடுத்த கேமுக்கும் அவர்களே பணம் போடுவார்கள். விற்காவிட்டால், இவர் விரும்பினால் அவர்கள் ஆபீசிலேயே உட்கார்ந்து மற்றவர்களுடைய கேம்களுக்கு வேலை பார்க்கலாம். நான் வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பல வருடம் தற்காலிகமாக இழுபட்டு, போன வருடம்தான் வேலை நிரந்தரமானது. என்னால் கூடப் போக முடியாது. அதனால் எங்கள் வீட்டில் அந்த இருபதாயிரம் என்பது வெறும் விற்பனைக் கணக்கு இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சோறு தின்பதா இல்லையா என்பதே அதில்தான் இருந்தது.

கேம் டிசம்பரில் வெளிவந்தது. பொங்கலுக்கு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்த ஜெயப்பிரகாஷ் இவருடைய கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தான். திரையில் ஒரு லட்சத்து நாலாயிரம் என்று ஓர் எண் இருந்தது. அது விற்றது இல்லை. ‘விஷ்லிஸ்ட்’ என்பார்கள். பிடித்திருக்கிறது, என்றைக்காவது வாங்கலாம் என்று குறித்து வைத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை. ஜவுளிக் கடையில் இருபது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ‘அப்புறம் வரோம்’ என்று எழுந்து போகும் கூட்டம் மாதிரி. அன்றைக்கு நிஜமாக விற்றிருந்தது ஒன்பதாயிரம்தான்.

என் தம்பி எதையும் கேட்கவில்லை. அடுத்த வாரமே கள்ளக்குறிச்சி நாலுமுனை ரோட்டில் ஃப்ளெக்ஸ் நின்றது. ‘ஒரு லட்சம் பிரதிகள் விற்று உலகையே திரும்பிப் பார்க்க வைத்த எங்கள் மண்ணின் மைந்தனே!’ எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து இவர் படத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தான். ஓரத்தில் என் முழங்கை தெரிந்தது.

“ஏன்டா, ஒரு வார்த்த கேட்டியாடா?” என்று போனில் கத்தினேன்.

“இன்னாக்கா நீ! மாமா கூச்சப்பட்டுக்கினு வெளியே சொல்ல மாட்டாரு. நாமதான செய்யணும்? பிரிண்டிங் காசுகூட நான் கேக்கல.”

விஷயத்தை விளக்கியதும் பாவம், பதறிப்போய் அன்றைக்கே இறக்கிவிட்டான். ஆனால் ஃப்ளெக்ஸைத்தான் இறக்க முடியும், வாட்ஸ்அப்பில் ஏறியதை யார் இறக்குவது? மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லோடோடு காத்திருந்தவர்கள் அந்தப் படத்தை என் மாமனார் பொன்னுரங்கத்திடம் காட்டி டீ கேட்டிருக்கிறார்கள். அவரும் தன் டிராக்டரோடு அங்கேதான் நின்றிருக்கிறார். மனிதர் வரிசையில் நின்ற அத்தனை டிராக்டர்காரர்களுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கோயில் கமிட்டியிலிருந்து கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்துத் தரச் சொல்லி போன் வந்தது. மலைக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர், “லட்சம் வித்தவருகிட்ட சில்லற இல்லியா சார்?” என்று சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. மாதம் இரண்டு தரம் அப்பா வீட்டுக்குப் போகிறவர், போவதை அடியோடு நிறுத்திவிட்டார். மாமனார் கூப்பிட்டால், “வேல ஜாஸ்திப்பா,” என்று வைத்துவிடுவார்.

“உண்மையச் சொல்லிட வேண்டியதுதானங்க?” என்றேன்.

“எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டாரு தேவி. இனிமே எப்பிடிச் சொல்றது?”

மார்ச் முடிந்தது. பதினாலாயிரத்து அறுநூறு. மறுநாள் காலையில் பெங்களூர் கம்பெனியிலிருந்து ஷாலினி பேசினார். அவர்தான் இவருடைய கேமைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“கவி, நாங்க போட்ட பணம் பிப்ரவரியிலயே திரும்பி வந்துடுச்சு. நஷ்டம்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா இருபதாயிரம்னு பேசியிருந்தோம் இல்ல? ஆபீஸ் செலவு, விளம்பரம், ஓடாத மத்த கேம்களோட நஷ்டம், எல்லாம் சேர்த்து வச்ச நம்பர் அது. முப்பது லட்சம் வித்தாலும் தோல்வின்னு எழுதுற பெரிய கேமெல்லாம் இருக்கு, ஏன்னா போட்டது அவ்வளவு. அவங்கவங்க செலவுக்கு அவங்கவங்க நம்பர். ஜூன்ல இங்க வந்துடுங்க. நல்ல சம்பளம் பேசி வச்சிருக்கேன்.”

“சரிங்க ஷாலினி,” என்றார் இவர். ஒரு மூச்சுவிடும் நேரம்கூட யோசிக்கவில்லை. அடுப்பில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது.

“இன்னா சரிங்க? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“பெங்களூரு போயிட்டா, பெரிய ஆளாயிட்டான், போயிட்டான்னு நெனச்சிப்பாங்க. இங்கயே இருந்தா, லட்சம் வித்தவன் ஏன் இன்னும் மலையில குந்திக்கினு இருக்கான்னு கேப்பாங்க தேவி.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவரை என்னிடமிருந்து பிரிப்பது கம்பெனி சொன்ன இருபதாயிரம்கூட இல்லை, என் தம்பி அச்சடித்த ஒரு லட்சம். நான் லேசில் அழுகிறவள் இல்லை. ஊசி போட்டு மற்றவர்களை அழ வைக்கிறவள். அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். இவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை அப்படியே சொன்னேன். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் உப்புமாவைக் கிண்ட ஆரம்பித்தார், அணைத்த அடுப்பில்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். “அந்தம்மா இருபதாயிரம்னாங்க. ஜெயப்பிரகாஷ் ஒரு லட்சம்னான். நீங்க சொல்லுங்க. இந்த வூட்ல, என்கூட இருந்துக்கினே அடுத்த கேம் செய்யணும்னா எத்தினி விக்கணும்?”

இவ்வளவு காலம் எத்தனை விற்றது என்று தினமும் பார்த்தவர், எத்தனை விற்றால் தனக்குப் போதும் என்று ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. கரண்டியும் கையுமாக உட்கார்ந்து இப்போதுதான் யோசித்தார். சின்ன கேமாக இருக்க வேண்டும். தானே தனியாகச் செய்ய வேண்டும். ஆபீஸ் வாடகை கிடையாது. மியூசிக் போடுகிறவருக்குக் கொடுக்க வேண்டும். கடன் வாங்கக் கூடாது.

“ஆறாயிரம் வித்தா ரெண்டு வருசம் தாக்குப் பிடிக்கலாம்,” என்றார் மெதுவாக.

“பதினாலாயிரத்து அறுநூறு வித்த மனுசனுக்கு ஆறாயிரம் மலையா?”

“போன தபா வித்துச்சுன்னு இந்தத் தபாவும் விக்கும்னு எழுதி வச்சிருக்கா?”

“விக்கலன்னா அப்ப போங்க. நானே பஸ் ஏத்தி வுடறேன்.”

சிரித்துவிட்டார். பொங்கலுக்குப் பிறகு இப்போதுதான் இவர் சிரித்துப் பார்த்தேன். ஷாலினியைத் திரும்பக் கூப்பிட்டு வரவில்லை என்று சொன்னார். அந்தப் பெண், ‘கேம் முடிஞ்சதும் எனக்கு முதல்ல காட்டுங்க’ என்றார். அதோடு விடாமல், தைரியம் இருக்கும்போதே இவர் தன் அப்பாவுக்கும் போன் போட்டார்.

“அப்பா, அந்த ஒரு லட்சம் நெசம் இல்லப்பா. ஜெயப்பிரகாஷ் தப்பாப் போட்டுட்டான். பதினாலாயிரத்து அறுநூறுதான். நானும் சொல்லாமயே இருந்துட்டேன்.”

அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. வண்டியை நிறுத்திவிட்டார் போல.

“லட்சம் இல்லியா?”

“இல்லப்பா.”

“அட, போடா! அந்தப் படம் வந்ததுலருந்து நீ வூட்டுப் பக்கமே எட்டிப் பாக்கல. லட்சம் வித்துட்டான், இனிமே நம்ம வூட்டுக்கு எங்க வரப்போறான்னு உங்கம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்தேன்.” மாமனார் வண்டியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. “பதினாலாயிரந்தானா? அப்ப ஞாயித்துக்கெழம வந்துடுவியில்ல?”

இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டார். வருகிறோம் மாமா என்று நான்தான் சொன்னேன்.